தேன் எடுக்க இறங்குபவரின் விரதம்: அறிவா, நம்பிக்கையா?

கேள்வி: செங்காங் வாசகன்

அன்பர்களுக்கு வணக்கம். அடுத்த மாதம் சிங்கப்பூரில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில், வாசகர் வட்டத்தின் சார்பில் நான் அரை மணி நேரம் உரையாற்ற வேண்டியிருக்கிறது. மலைக்காடுகளில் வாழும் மக்களின் அறிவும் வழிபாடும் என்பது தலைப்பு. தலைப்பை நானே விரும்பிக் கேட்டு வாங்கிக்கொண்டேன். இப்போது அதற்குள் மாட்டிக்கொண்டு விழிக்கிறேன்.

சென்ற ஆண்டு மே மாதம் குடும்பத்தோடு நீலகிரிக்குப் போயிருந்தபோது, கோத்தகிரிக்குக் கீழே இருக்கும் ஒரு குறும்பர் பழங்குடிக் குடியிருப்பில் ஒரு பகல் முழுவதும் தங்கியிருக்க வாய்த்தது. அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெரியவர் பாறைத்தேன் எடுக்கும் முறையை எங்களுக்கு விளக்கினார். பெட்டியில் வளர்க்கிற தேனீயின் தேன் அல்ல அது. செங்குத்தான பாறை முகத்தில் பெருந்தேனீ கட்டித் தொங்கவிடும் அடைகளிலிருந்து எடுப்பது. காட்டுக் கொடியைத் திரித்து ஏணியாக்கி, மேலே உள்ள மரத்தில் கட்டி, புகை மூட்டிக்கொண்டு ஒருவர் இறங்குகிறார். இறங்குபவர் சில நாட்களுக்கு முன்பிருந்தே விரதம் இருக்கிறார், மனைவியை விட்டு விலகியிருக்கிறார், தெய்வத்தைக் கும்பிட்ட பிறகே புறப்படுகிறார். தொங்கிக்கொண்டிருக்கும்போது தேனீக்களை நோக்கிப் பாட்டுப் பாடுகிறார். அடை முழுவதையும் அறுப்பதில்லை. ஒரு பங்கை விட்டுவிட்டு ஏறுகிறார்.

மேலே கயிற்றுக்குக் காவல் நிற்பவர் மனைவியின் உடன்பிறந்தவராகத்தான் இருக்க வேண்டுமாம். ஏன் என்று கேட்டேன். "அண்ணன் தம்பின்னா பங்குச் சண்டை இருக்கும். மச்சான் கயித்தை விட்டா அவன் தங்கச்சிதானே தனியா நிக்கணும்?" என்று பெரியவர் சிரித்தார். பிறகு கொடியின் ஒரு முனையை என் மகன் கையில் கொடுத்துத் திரிக்கச் சொன்னார். பையன் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினான். அவர் அதை வாங்கி, இரண்டே விரலால் பிரித்துக் காட்டிவிட்டு, "இதுல நீ இறங்குவியா?" என்றார்.

ஊருக்குத் திரும்பியதும் உரைக்கான படவில்லைகளைத் தயாரிக்க உட்கார்ந்தேன். ஒன்றில் நெடுக்காக இரண்டு பத்திகள் போட்டேன். கொடி, புகை, பருவம், தேனீயின் குணம் ஆகியவை அறிவு என்ற பத்தியில் போயின. விரதம், பாட்டு, தெய்வம் ஆகியவை நம்பிக்கை என்ற பத்தியில் போயின. மச்சானை எந்தப் பத்தியில் போடுவது என்று தெரியவில்லை. அடையில் விட்டுவிட்டு வரும் பங்கும் அப்படித்தான்: அது தெய்வத்துக்கா, தேனீக்கா, அடுத்த ஆண்டுக்கா? வாசகர் வட்ட நண்பர் ஒருவர் படவில்லைகளைப் பார்த்துவிட்டு, இரண்டாவது பத்தியை எடுத்துவிடும்படியும், இல்லாவிட்டால் இளையர்கள் சிரிப்பார்கள் என்றும் சொல்கிறார். எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஏதோ மலையேற்றப் பயிற்சிக் குறிப்பு போல இருக்கிறது.

இப்படிப் பிரிப்பது சரிதானா என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டும். கேட்பவர்களில் பலர் நீலகிரியைப் பார்த்ததே இல்லை என்பதால், நமக்குப் பக்கத்திலுள்ள மலைகளிலிருந்தும் எடுத்துக்காட்டுகள் கிடைத்தால் உதவியாக இருக்கும்.

பதில் 1: ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர், பாசிர் ரிஸ்

உங்கள் நண்பர் சொல்லும் காரணம் தவறு. ஆனால் பத்திகளைப் பிரித்ததில் தவறில்லை என்பது என் கருத்து. நாம் விரும்புகிற மக்களைப் பற்றிப் பேசும்போது எதையும் அலசாமல் அப்படியே மெச்சிவிடும் பழக்கம் நமக்கு உண்டு. அது மரியாதைபோலத் தோன்றினாலும் மரியாதை அன்று.

நீங்கள் போய் வந்த அதே மலையையே எடுத்துக்கொள்வோம். குறும்பர்களுக்கு மந்திர ஆற்றல் உண்டு என்று நீலகிரியின் மற்ற மக்கள் நீண்ட காலம் நம்பினார்கள். படகர்கள் தங்கள் வயலில் முதல் விதையைத் தூவக் குறும்பரை அழைத்தது அந்த நம்பிக்கையால்தான். நோய் பரவியபோதும் மாடு செத்தபோதும், குறும்பர் சூனியம் வைத்துவிட்டார் என்று சந்தேகப்பட்டு அவர்களைக் கொன்றதும் அதே நம்பிக்கையால்தான். 19ஆம் நூற்றாண்டில் அப்படி நடந்த கொலைகள் பதிவாகியிருக்கின்றன. விதை தூவ அழைத்ததை மட்டும் சொல்லிவிட்டு மற்றதை விட்டுவிட்டால் நீங்கள் பாதி உண்மையைத்தான் சொன்னவராவீர்கள்.

பக்கத்து நாட்டு எடுத்துக்காட்டு கேட்டிருக்கிறீர்கள். எச்சரிக்கையாக ஒன்று தருகிறேன். 1934இல் மலாயாவுக்கு வந்த கில்டன் ஸ்டூவர்ட் என்ற அமெரிக்கர், அங்குள்ள மலைக்காட்டுப் பழங்குடியினரான தெமியார் மக்களிடையே சிறிது காலம் தங்கினார். பிற்பாடு 1951இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். இம்மக்கள் காலை உணவின்போது குடும்பமாக உட்கார்ந்து கனவுகளை அலசுகிறார்கள், கனவில் வரும் பகையை எதிர்கொண்டு வெல்லக் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள், அதனால் அவர்களிடம் மனநோயும் வன்முறையும் அறவே இல்லை என்பது அதன் சாரம். 1960களிலும் 1970களிலும் அமெரிக்காவில் இதை வைத்துக் கனவுப் பயிற்சி வகுப்புகளே நடந்தன. தெமியாருக்கு அண்டை இனமான செமாய் மக்களோடு வாழ்ந்து அவர்கள் மொழியில் பேசிய ராபர்ட் டென்டன் போன்ற மானிடவியலாளர்கள், அப்படி ஒரு பயிற்சியைத் தாங்கள் பார்த்ததே இல்லை என்றார்கள். 1985இல் வில்லியம் டொம்ஹாஃப் என்ற ஆய்வாளர் அந்தக் கதை எப்படி வளர்ந்தது என்பதை விரிவாக எழுதினார். அமெரிக்கர்கள் தங்களுக்குத் தேவைப்பட்ட ஒன்றை மலாயாக் காட்டில் கண்டுபிடித்துக்கொண்டார்கள் என்பதே உண்மை.

ஆகவே பத்திகள் இருக்கட்டும். தலைப்புகளை மட்டும் மாற்றுங்கள்: "நான் கண்டது", "நான் கேட்டது".

பதில் 2: தேயிலைத் தோட்டத்துப் பேத்தி

ஆசிரியர் ஐயாவின் எச்சரிக்கையை மதிக்கிறேன். ஆனால் அவர் சொன்ன தெமியார் கதைக்கு ஒரு மறுபாதி உண்டு. ஸ்டூவர்ட் சொன்னது தவறாகிப் போனாலும், தெமியார் மக்களுக்குக் கனவு முக்கியம் என்பது தவறாகிவிடவில்லை. ஒரு மலையின், ஆற்றின், பழமரத்தின் உயிர் ஒருவர் கனவில் வந்து தன் பாட்டைக் கொடுக்கிறது என்பது அவர்களுடைய வழக்கு. அப்படிப் பாட்டுக் கிடைத்தவர் ஹாலாக் எனப்படுகிறார். இரவில் அவர் பாட, பெண்கள் நெட்டையும் குட்டையுமான மூங்கில் குழாய்களை இணை இணையாகக் கட்டையில் குத்தித் தாளம் கொடுத்து, வரிக்கு வரி திரும்பப் பாடுகிறார்கள். நோயாளிக்கு வைத்தியம் நடப்பது அந்தப் பாட்டினூடேதான். எந்தக் கிழவருக்கு எந்த மலை பாட்டுக் கொடுத்தது என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். காட்டின் வரைபடம் அவர்களிடம் பாட்டாக இருக்கிறது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

என் தாத்தாவும் பாட்டியும் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். அவர்களுடைய லைன் வீட்டுக்குப் பின்னாலேயே காடு தொடங்கிவிடும். செமாய்ப் பெண்கள் முதுகுக் கூடையில் பெத்தாய்க் காயும் மூங்கில் குருத்தும் பிரம்பும் கொண்டுவந்து, உப்பும் துணியும் வாங்கிப் போவார்களாம். பாட்டி அவர்களைச் "சக்காய்" என்றுதான் சொல்வார். அன்று தோட்டத்தில் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். அந்தச் சொல்லுக்குள் அடிமை என்ற பொருள் ஒளிந்திருக்கிறது என்பது எனக்கே வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. உங்கள் உரையில் அந்தச் சொல் வாய் தவறியும் வர வேண்டாம். தீபகற்ப மலேசியாவின் பழங்குடிகளைப் பொதுவாகச் சொல்ல ஓராங் அஸ்லி என்ற பெயர் இருக்கிறது. மலேசிய அரசு அவர்களை 18 பிரிவுகளாகக் கணக்கிடுகிறது. முடிந்தால் செமாய், தெமியார், பதேக் என்று அவரவர் பெயராலேயே சொல்லுங்கள்.

பாட்டி அடிக்கடி சொன்ன ஒரு நிகழ்ச்சியை இங்கே எழுதுகிறேன். என் பெரிய மாமாவுக்கு அப்போது ஏழு வயது. தட்டாம்பூச்சியைப் பிடித்து வாலில் நூலைக் கட்டிப் பறக்கவிட்டு, அது தடுமாறுவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாராம். நம் பிள்ளைகள் எல்லாரும் செய்ததுதான். வாசலில் உப்பு வாங்க நின்றிருந்த செமாய்ப் பெண் கூடையைக் கீழே வைத்தாள். ஒரு வார்த்தையும் பேசாமல் வந்து, பூச்சியை உள்ளங்கையில் ஏந்தி, நகத்தால் முடிச்சை நெகிழ்த்தி நூலை உருவினாள். "அவ புள்ளையத் திட்டல. வானத்தைத்தான் பாத்தா" என்பார் பாட்டி.

அவள் ஏன் வானத்தைப் பார்த்தாள் என்பதைப் பல ஆண்டுகள் கழித்து நூலகத்தில் படித்துத்தான் அறிந்தேன். விலங்குகளையும் பூச்சிகளையும் கேலி செய்வதும், அவற்றைப் பார்த்து நகைப்பதும் இடியையும் பெருங்காற்றையும் வரவழைக்கும் என்பது செமாய் மக்களின் நம்பிக்கை. பதேக் மக்களிடமும் இதைப் போன்ற விலக்குகள் உண்டு; புயல் முற்றினால் காலில் கீறி எடுத்த துளி இரத்தத்தை நீரில் கலந்து இடியை நோக்கி வீசி, பிழை பொறுக்கும்படி கேட்பார்கள். மழைக்காட்டில் வாழ்பவர்களுக்குப் புலியைவிடப் பெரிய பயம் காற்றில் முறிந்து விழும் மரமே என்பதை நினைத்துப் பாருங்கள்.

இதை எந்தப் பத்தியில் போடுவீர்கள்? தட்டாம்பூச்சிக்கும் புயலுக்கும் தொடர்பு இல்லை என்பது என் பேரனுக்கும் தெரியும். ஆகவே இது வெறும் நம்பிக்கைதான் என்று முடித்துவிடலாம். அல்லது, இந்த விலக்கினால் பூச்சிகள் காக்கப்படுகின்றன, எனவே இது மறைமுகமான சூழலியல் என்று சொல்லி அறிவுப் பத்திக்கு ஏற்றிவிடலாம். இந்த இரண்டாவது வழிதான் இப்போது எங்கும் நடக்கிறது. எனக்கு அது முதல் வழியைவிடவும் கசக்கிறது. அந்தப் பெண் பூச்சியினத்தைப் பாதுகாக்கவில்லை. தன்னைப் போன்ற ஓர் உயிர் அவமானப்படுவதைக் கண்டு பதறினாள். அந்த அவமானத்துக்குப் பதில் சொல்ல மேலே ஒருவர் இருக்கிறார் என்று நம்பினாள். அந்த நம்பிக்கைக்கு நாம் நற்சான்றிதழ் கொடுக்கத் தேவையில்லை, அதற்கு ஒரு பயன் கண்டுபிடித்துத் தரவும் தேவையில்லை.

செமாய் மக்களிடம் புனான் என்ற ஒரு கருத்தும் உண்டு. ஒருவர் உண்ண ஆசைப்பட்டதை மறுத்துவிட்டால், ஆசை நிறைவேறாத அந்த மனிதருக்கு ஏதாவது விபத்து நேரும் என்பார்கள். மறுத்தவருக்கு அல்ல, மறுக்கப்பட்டவருக்கு! அடுத்தவர் பசித்திருந்தால் அவர் தவறி விழுவார், பாம்பு தீண்டும், அந்தப் பழி நமக்கு வரும் என்று அஞ்சிப் பகிர்ந்துண்ணும் ஊரை நினைத்துப் பாருங்கள். நம்மவர்களும் கண்ணேறுக்கு அஞ்சுகிறோம். ஆனால் நாம் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறோம்.

இளையர்கள் சிரிப்பார்கள் என்ற பயம் உங்களுக்கு வேண்டாம். தேசிய சேவைக்குப் போய் வந்த பையன்களைக் கேட்டுப் பாருங்கள். என் மகன் கணக்கியல் படித்தவன், கோயிலுக்கு வா என்றால் ஆயிரம் காரணம் சொல்பவன். தெக்கோங் தீவில் காட்டுப் பயிற்சியின்போது, மரத்தடியில் சிறுநீர் கழிக்கும் முன் மனத்துக்குள் அனுமதி கேட்டுக்கொண்டதாக அவனே ஒருநாள் சொன்னான். யாரிடம் கேட்டாய் என்றேன். "அங்க இருக்கிறவங்ககிட்ட" என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கிவிட்டான்.

பதில் 3: பொதிகைச் சாரல், ஜூரோங்

பேத்தி அக்காவின் தட்டாம்பூச்சியைப் படித்துவிட்டு நெடுநேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். இங்கே வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. சிறுவயதில் ஆடி அமாவாசைக்குக் காரையார் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போய், ஆற்றங்கரையில் கூடாரம் போட்டுத் தங்குவோம். அந்த மலையில்தான் காணி மக்கள் வாழ்கிறார்கள். அவர்கள் கொண்டுவந்து விற்கும் கிழங்கையும் தேனையும் பேரம் பேசி வாங்கியிருக்கிறோமே தவிர, அவர்களுக்கும் ஒரு வைத்தியம், ஒரு வழிபாடு உண்டு என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

செங்காங் நண்பரே, இரண்டு பத்திகளில் முதல் பத்தியை மட்டும் கத்தரித்து எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அதே மலையின் கேரளப் பக்கத்தில் ஒரு கதை இருக்கிறது. 1987இல் அகத்தியமலைக் காட்டுக்குள் ஆய்வுக்குப் போன அறிவியலாளர்கள் ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, வழிகாட்டிகளாக வந்த காணி இளைஞர்கள் ஏதோ ஒரு சிறு பழத்தைத் தின்றபடி களைப்பில்லாமல் நடந்தார்கள். அது என்ன என்று கேட்டபோது முதலில் சொல்ல மறுத்தார்கள். வெளியாருக்குச் சொல்லக்கூடாத செய்தி அது. பிறகு நம்பிச் சொன்னார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா அதை ஆராய்ந்து, இலையிலிருந்தும் வேறு சில மூலிகைகளிலிருந்தும் ஜீவனி என்ற மருந்தை உருவாக்கியது. 1995இல் அதைத் தயாரிக்கும் உரிமம் ஓர் ஆயுர்வேத நிறுவனத்துக்கு 10 லட்சம் ரூபாய்க்கும், விற்பனையில் 2 விழுக்காட்டுக்கும் வழங்கப்பட்டது. வரும் தொகையில் பாதி காணிகளுக்கு என்று முடிவு செய்தார்கள். அதற்காக 1997இல் காணிகளின் அறக்கட்டளை ஒன்றும் பதிவாயிற்று. உலகம் முழுவதும் இதை முன்மாதிரி என்று மேற்கோள் காட்டினார்கள். அன்றைய நிலையில் அது பாராட்டத்தக்கதுதான். மற்ற இடங்களில் ஒரு காசுகூடக் கொடுக்காமல் எடுத்துக்கொண்டார்களே.

ஆனால் காணிகளின் வைத்தியரும் பூசகருமான பிளாத்திகளில் சிலர் இதை எதிர்த்தார்கள். மருந்தறிவு அவர்களிடம் தனியாக இருக்கும் சரக்கு அல்ல. யார் பறிக்கலாம், எந்த மந்திரத்தோடு பறிக்க வேண்டும், யாருக்குச் சொல்லலாம் என்பதெல்லாம் சேர்ந்ததுதான் அந்த மருந்து. வழிகாட்டியாகப் போன இளைஞர்கள் சொன்னதை வைத்து முழு இனத்தின் சம்மதம் கிடைத்துவிட்டது என்று எப்படிக் கொள்வது? இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குத் திருப்தியான விடை கிடைக்கவில்லை. இன்னொரு சிக்கலும் வந்தது. செடிக்கு விலை வந்ததும் அதைக் காட்டில் வேரோடு பிடுங்குவார்கள் என்று வனத்துறை அஞ்சியது. பறிப்பதற்கான விலக்குகள் இரண்டாவது பத்தியில் இருந்தன, ஐயா. அவற்றைத்தான் உங்கள் நண்பர் எடுத்துவிடச் சொல்கிறார்.

கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் சோலிகர்கள் இருக்கிறார்கள். பெரிய செண்பக மரம் ஒன்று அவர்களுக்குத் தெய்வம். கோடைத் தொடக்கத்தில் காய்ந்த சருகுக்கு இலேசாகத் தீ வைப்பது அவர்கள் வழக்கமாக இருந்தது. 1974இல் அந்தக் காடு சரணாலயமானது. தீ வைப்பது குற்றமானது. அதன் பிறகு உண்ணிச்செடி புதராக மண்டிவிட்டது என்றும், நெல்லி மரங்களில் புல்லுருவி பெருகி மரத்தையே கொல்கிறது என்றும் சோலிகர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். படித்தவர்கள் அதைக் காதில் வாங்கிக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின. 2011இல் அதே காடு புலிகள் காப்பகமானது. அதே ஆண்டிலேயே, 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்கீழ் சோலிகர்களின் சமூக வன உரிமையும் ஏற்கப்பட்டது. இந்தியாவில் ஒரு புலிகள் காப்பகத்துக்குள் அப்படி ஏற்கப்பட்டது அதுவே முதல்முறை. வழிபாட்டிடங்களுக்குப் போய்வரும் உரிமைக்கும் தேனும் நெல்லியும் சேகரிக்கும் உரிமைக்கும் அவர்கள் சேர்த்துத்தான் போராடினார்கள்.

ஆசிரியர் ஐயா குறும்பர் கொலைகளைச் சொன்னது நியாயமே. அதை மறைக்கக் கூடாது. நம் பழைய சங்கப் பாட்டுகளே மறைக்கவில்லை. தலைவி காதலால் வாடுகிறாள். தாய் முருகனின் பூசாரியான வேலனை அழைத்து, வெறியாட்டு என்னும் சாமியாட்டத்தை நடத்துகிறாள். இந்த நோய்க்கு முருகன் காரணம் அல்ல என்பது தெரிந்த தோழி உள்ளூரச் சிரிக்கிறாள். குறிஞ்சியின் சாமியாட்டத்தை முழு மரியாதையோடு வருணித்துவிட்டு, அதே பாட்டில் அதைச் சற்றே கிண்டலும் செய்ய முடிந்த புலவர்களின் வழியில் வந்தவர்கள் நாம். பத்தி பிரிக்க அவர்களுக்குத் தேவைப்படவில்லை. இன்னொரு செய்தி: பாறைத்தேன் எடுக்க மலையில் சார்த்தும் கணுவேணிக்கு, அதாவது கணுக்களையே படியாகக் கொண்ட மூங்கில் ஏணிக்கு, அந்தப் பாட்டுகளில் மால்பு என்ற பெயர் வருகிறது. உங்கள் பெரியவரின் கொடியேணிப் படத்துக்குக் கீழே அந்தச் சொல்லைப் போடுங்கள்.

பதில் 4: கோத்தா திங்கிக்காரர்

நீண்ட பதில்கள் வந்துவிட்டன. நான் சுருக்கமாகச் சொல்கிறேன். பக்கத்து மலை வேண்டும் என்றால் கேமரன் மலை வரைகூடப் போக வேண்டாம். மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில், ஜோகூர் ஆற்றின் மேற்பகுதியில், நான் பிறந்த கோத்தா திங்கி மாவட்டத்தில் லிங்கியு நீர்த்தேக்கம் இருக்கிறது. 1962ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி சிங்கப்பூர் நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை அந்த ஆற்றிலிருந்து நீர் எடுக்கலாம். ஆற்றில் நீர் குறையாமல் இருப்பதற்காக, 1990இல் செய்துகொண்ட இன்னோர் ஒப்பந்தத்தின்படி அந்த அணை கட்டப்பட்டது. அணைக்காக எடுக்கப்பட்ட காடு, ஓராங் அஸ்லி பிரிவினரான ஜாக்கூன் மக்கள் வேட்டையாடி, பிரம்பும் பிசினும் சேகரித்து வாழ்ந்த காடு.

அவர்களில் 52 பேர் ஜோகூர் அரசின்மீது வழக்குத் தொடுத்தார்கள். அடோங் குவாவ் வழக்கு என்று அது அறியப்படுகிறது. வீட்டுக்கும் பயிருக்கும் பழமரத்துக்கும் மட்டும் இழப்பீடு கொடுத்தால் போதாது, 53,273 ஏக்கர் காட்டில் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்த உரிமைக்கும் கொடுக்க வேண்டும் என்று ஜோகூர் உயர் நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. தொகை 2 கோடியே 65 இலட்சம் ரிங்கிட். 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மூதாதையர் நிலத்தை இழந்தது, தங்கி நடமாடும் சுதந்திரத்தை இழந்தது, காட்டு விளைபொருளை இழந்தது, தங்கள் எதிர்கால வாழ்வை இழந்தது, தங்கள் சந்ததியின் எதிர்காலத்தை இழந்தது என்று ஐந்து வகை இழப்புகளை நீதிபதி எண்ணினார். தெய்வத்துக்கு என்று தனி வகை இல்லை. மூதாதையர் நிலம் என்றாலே இறந்தவர்களும் காவல் தெய்வங்களும் அதில் அடங்கிவிட்டார்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். சட்டம் அப்படி எடுத்துக்கொண்டதா என்பது வேறு.

நான் உட்லண்ட்ஸில் குடியேறி இருபது ஆண்டுகளாகின்றன. ஜோகூரிலிருந்து கடற்பாலத்தின் ஓரமாக வரும் தண்ணீர்க் குழாய்களைப் பேருந்திலிருந்து பார்க்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும். மன்றத்தில் பேசும்போது உங்கள் மேசைமேல் ஒரு குவளைத் தண்ணீர் வைப்பார்கள் அல்லவா?

கேட்டவரின் மறுமொழி: செங்காங் வாசகன்

எல்லாருக்கும் நன்றி. பத்திகளை அழித்துவிட்டேன். ஆசிரியர் ஐயா சொன்ன இரண்டு தலைப்புகளை என் குறிப்பேட்டில் மட்டும் வைத்துக்கொள்கிறேன். நான் கண்டது எது, பிறர் சொல்லக் கேட்டது எது என்று எனக்காவது தெரிய வேண்டும். படவில்லையில் ஒரே ஒரு கயிற்றை வரைந்திருக்கிறேன். மேல் முனையில் மச்சான், கீழ் முனையில் தேனீ, நடுவில் பெரியவர். விரதம், பாட்டு, புகை எல்லாம் அந்தக் கயிற்றிலேயே தொங்கட்டும். குறும்பர் கொலைகளையும் சொல்லப் போகிறேன்.

ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. பெரியவர் பாடிக்காட்டிய தேனீப் பாட்டை நான் கைப்பேசியில் பதிவு செய்திருந்தேன்; நான்கு நிமிடம் வரும். அரங்கில் அதைப் போட்டால் எல்லாரும் மயங்கிவிடுவார்கள் என்று ஆசைப்பட்டேன். பொதிகைச் சாரலின் காணிக் கதையைப் படித்த பிறகு கை வரவில்லை. எங்களை அழைத்துப் போன கோத்தகிரி வழிகாட்டிக்குத் தொலைபேசியில் பேசி, பெரியவரிடம் கேட்டுச் சொல்லும்படி வேண்டினேன். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. தன் படத்தைக் காட்டலாம், மச்சான் கதையைச் சொல்லலாம், கொடியைத் திரிக்கத் தெரியாத பையனைப் பற்றியும் தாராளமாகச் சொல்லலாம் என்றாராம். பாட்டை மட்டும் போட வேண்டாம் என்றுவிட்டார். "அங்க பாறை இருக்கா, ஈ இருக்கா? யாருக்குப் பாடுறது?" என்று கேட்டாராம்.

ஆகவே என் உரையில் நான்கு நிமிடம் காலியாகிவிட்டது. லிங்கியு தீர்ப்பை அந்த இடத்தில் வைத்துக்கொள்கிறேன்.

பதில் 5: தேயிலைத் தோட்டத்துப் பேத்தி

தம்பி, எந்தச் சனிக்கிழமை, எத்தனை மணிக்கு என்று எழுதவே இல்லையே. என் மகனையும் அழைத்து வருகிறேன்.